சொன்ன வெலைக்கே

ஏனுங்க, உங்கள ஒண்ணு கேக்கட்டுங்களா? சந்தைக்குப் போறீங்க. ஒரு பனியனை எடுத்துப் பாக்கறீங்க. கடைக்காரன் நானூறுங்கறான். நீங்க நானூறையும் எண்ணிக் குடுத்துப்போட்டு வந்துருவீங்களா?

மாட்டீங்கல்ல? பாத்தீங்களா! மொகந் தெரியாத உங்களுக்கே தெரியுது. என்ற ஊட்டுக்காரிக்குத் தெரியலீங்க. இருபது வருசத்துக்கு மேல ஒரு யாவாரிகூடக் குடும்பம் நடத்தறா, அவளுக்குத் தெரியலீங்க.

நீங்க சன்னலோரம் உக்கோந்துக்கங்க, எனக்கு ஒண்ணுமில்ல. இந்தப் பஸ்ஸுல காங்கயம் வரைக்குந்தான் போறன். அங்க என்ற மச்சான் செங்கோடன் ஊடு இருக்குது. என்ற ஊட்டுக்காரி கோகிலவாணி கோவிச்சுக்கிட்டு அவங்க அண்ணன் ஊட்டுல போயி உக்கோந்திருக்கறா. அவளக் கூப்புடப் போறன்னு நெனச்சுக்காதீங்க. ஞாயம் கேக்கப் போறனுங்க. தப்பு ஆரு மேலன்னு அவங்க அண்ணன் வாயாலயே சொல்ல வெச்சுப்போட்டுத்தான் மறுவேலை. அப்பறம் அவளா வர்றன்னா வரட்டும். வந்தா வேண்டாங்கவா போறன்?

என்ற பேரு நாச்சிமுத்துங்க. திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனிக கழிச்சுப் போடற செகண்ட்ஸ் பனியனை வாங்கி வாரச்சந்தைல விக்கறன். ஒண்ணுல தையல் கோணலா இருக்கும், இன்னொண்ணுல ஒரு கை மட்டும் நீளமா இருக்கும். நம்மாளுகளுக்கு அதெல்லாம் பெருசில்லீங்க. நான் நானூறு சொல்லுவன். அவங்க நூறு கேப்பாங்க. நான் நெஞ்சுல கை வெச்சு, ஐயோ சாமி, அடக்கத்துக்கே கட்டாதும்பன். அவங்க ரெண்டெட்டு நடப்பாங்க. நான் கூப்புடுவன். நூத்தம்பதுல முடியும். அவங்களுக்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம். சொல்ற வெல ஒண்ணு, குடுக்கற வெல ஒண்ணு. ஒலகம் அப்படித்தான ஓடிட்டிருக்குது?

கோகிலாவும் பனியன்லதான் இருக்கறா. கம்பெனில செக்கிங். துணிய வெளிச்சத்துல புடிச்சுப் பாத்து, ஓட்டை, கறை, நூல் இழுப்பு எங்க இருந்தாலும் அந்த எடத்துல ஒரு சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிப்போடுவா. அவ கழிச்சுப் போடறத நான் விப்பன். நல்ல சோடின்னு ஊரே சொல்லும்.

நாங்க இருக்கறது லைன் ஊடுங்க. ஒரே ரூம்பு, அதுலயே ஒரு தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் அடுப்பு. எலி வளையானாலும் தனி வளை வேணும்பாங்க. பல்லடம் ரோட்டுல ஒருத்தரு அடுக்குமாடி கட்டறாருன்னு போய்ப் பாத்தம். முன்பணம் ஆறு லச்சம் கட்டுனாப் போதும், மீதிக்கு லோன் வாங்கித் தர்றன்னாரு. அன்னிக்கே முடிவு பண்ணிப்போட்டன். மாசாமாசம் பதினஞ்சாயிரம் எடுத்து வெக்கறது. குலதெய்வத்துக்கு முன்னால மஞ்சத்துணில ஒத்த ரூவா முடிஞ்சு வெச்சு, கெரகப்பிரவேசம் ஆகற வரைக்கும் ஊட்டுப் பணத்துல கை வெக்கமாட்டன்னு சத்தியம் பண்ணுனன். பொம்பள பேர்ல இருந்தா லச்சுமி தங்கும்னு கணக்கையும் கோகிலா பேர்லயே ஆரம்பிச்சன். நான் பண்ணுன ஒரே தப்பு அதுதானுங்க.

இப்ப நீங்க கேக்கலாம், பூராத்தையும் எடுத்து வெச்சுப்போட்டா சோத்துக்கு என்ன பண்ணுவீங்கன்னு. அதுக்குத்தான் கிரெடிட் கார்டு!

கார்டு நானாத் தேடிப் போகலீங்க. பெட்ரோல் பங்க்ல டை கட்டுன ஒருத்தரு குடை நட்டு உக்கோந்திருந்தாரு. "சார், ஒரு நிமிசம் சார்"னாரு. நான் திரும்பிப் பின்னால பாத்தன். பின்னால ஆருமில்ல. என்னையத்தான் சார்ங்கறாரு! சந்தைல என்னைய ஆரும் பேர் சொல்லிக்கூடக் கூப்புடமாட்டாங்க. "யோவ் பனியன்"ம்பாங்க. அந்த ஒரு சாருக்கே நான் கையெழுத்துப் போட்டிருப்பன். அவரு கூட ஒரு தோள்பையும் சேத்துக் குடுத்தாரு.

அதுக்கப்பறம் நம்ம ஏற்பாடு நெம்பச் சுத்தம். சம்பாதிக்கறது அத்தனையும் ஊட்டுக் கணக்குக்கு. செலவு அத்தனையும் கார்டுக்கு. சைவத்துக்கு ஒரு அடுப்பு, கறிக்கு ஒரு அடுப்புன்னு வெப்பாங்கல்ல, அந்த மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டாமத் தனித்தனியா வெச்சிருந்தன். எங்க தெரு மளிகைக்கடைக்காரரு கார்டு வாங்கமாட்டாரு. அதனால ஏசி போட்ட பெரிய கடைக்குத்தான் போவம். பருப்பு பத்து ரூவா எச்சுதான். இருந்தாலும் ஊட்டுப் பணம் பத்திரமா இருக்குதுல்ல?

அதுலயும் செலவு பண்ணப் பண்ணப் பாயிண்டு குடுத்தாங்க பாருங்க. அந்தப் பாயிண்டுக்கு ஒரு ஹாட்பாக்ஸ் ஊடு தேடி வந்துச்சு. என்ற மச்சான் இத்தன வருசத்துல ஒரு கிண்ணம், போசின்னு வாங்கிக் குடுத்ததில்லீங்க. பேங்க் எனக்குச் சீர் செஞ்சுது! பொறந்தநாளைக்கு வெடியால போனைத் தொறந்தா மொத வாழ்த்து பேங்க்தான். கோகிலாவுக்கு என்ற பொறந்தநாளு எப்பன்னே தெரியாது. எனக்கே பேங்க் சொல்லித்தான் தெரியும்.

அப்பறம் புது ஊட்டுக்குச் சாமான் வேணுமுங்களே. எல்லாத்தையும் ஒட்டுக்கா வாங்குனா கையக் கடிக்கும்னு முன்கூட்டியே வாங்க ஆரம்பிச்சன். மொதல்ல ஆறு பேரு உக்கோந்து திங்கற டைனிங் டேபிள். அத லைன் ஊட்டுக்குள்ள கொண்டுபோக வாசக்கதவக் கழட்ட வேண்டியதாப் போச்சு. உள்ள போட்டதும் ரூம்பே டேபிள்தானுங்க. நாற்காலிக்கு எடமில்ல, அதுக அட்டாலி மேல ஏறிடுச்சு. அதனால டேபிளச் சுத்தி நின்னுக்கிட்டே திம்பம். படுக்கறது எங்கன்னு கேளுங்க. நான் டேபிள் மேல, அவ டேபிள் அடில. எனக்கு ஃபேன் காத்து நேரா வரும். அவளுக்கு ஏதாச்சும் சொல்லோணும்னா அடில இருந்து ரெண்டு தட்டு தட்டுவா. மேல் ஊடு, கீழ் ஊடுன்னு மாடி ஊட்டுல இருக்கற மாதிரியே இருக்கும்.

கண்ணாடி கண்ணாடியாத் தொங்கற சரவெளக்கு ஒண்ணு வாங்குனன். மாட்டறதுக்கு வேற எடமில்லாம டேபிளுக்கு மேலயே தொங்க உட்டன். வெடியால நான் எந்திரிச்சு உக்கோந்தா தலை பட்டுக் கலகலங்கும். பக்கத்து ஊட்டுக்காரங்க அந்தச் சத்தத்தக் கேட்டுத்தான் பாலுக்கே கெளம்புவாங்க.

செரி, விசயத்துக்கு வர்றன். மொத மாசம் கார்டு பில்லு வந்துச்சுங்க. நாப்பத்தெட்டாயிரம்னு போட்டிருந்துச்சு. பக்குனு ஆயிப்போச்சு. அப்பறம் பாத்தா, அதுக்குக் கீழயே இன்னொரு கட்டம். அதுல 'மினிமம்'னு போட்டு ரெண்டாயிரத்து நானூறு. நான் மேலயும் கீழயும் மாத்தி மாத்திப் பாத்தன். ஏனுங்க, நானே ஒரு யாவாரி, எனக்குப் புரியாதுங்களா? மேல இருக்கறது சொல்ற வெல. கீழ இருக்கறது முடிக்கற வெல. நான் இன்னும் வாயே தொறக்கல, பார்ட்டி அதுக்குள்ள எறங்கி வந்துட்டான்!

எனக்கே மனசு கேக்கலீங்க. இத்தன மரியாதையா நடந்துக்கறாங்களேன்னு, சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாலயே அந்த ரெண்டாயிரத்து நானூறக் கட்டிப்போட்டன்.

அடுத்த மாசம் சும்மா பேசிப் பாக்கலாம்னு போன் போட்டன். ஒரு பொண்ணு எடுத்துச்சு. "கொஞ்சம் பாத்துப் போடுங்கம்மணி"ன்னன். "சார், மினிமம்னா அதுக்குக் கீழ கொறைக்க முடியாதுங்க சார்"னுச்சு. அடக்க வெலைங்குது, அவ்வளவுதான? ஒரு பொம்பளப்புள்ளகிட்ட அதுக்கு மேல பேசறது நல்லாருக்காதுன்னு உட்டுப்போட்டன்.

அதுக்கப்பறம் மாசாமாசம் மேல இருக்கற நம்பரு ஏறிக்கிட்டே போச்சுங்க. நான் கண்டுக்கவே இல்ல. வசதியான ஆளப் பாத்தா நானும் அறநூறுல இருந்து ஆரம்பிக்கறவன்தான். எத்தன ஏத்திச் சொல்றாங்களோ, அத்தனக்கத்தன தள்ளுபடியும் எச்சாகுது. "கோகிலா, இந்த மாசம் பேங்க் எனக்கு ஒண்ணே முக்கா லச்சம் தள்ளுபடி பண்ணிருக்குது"ன்னு சொன்னன். அவ, "ஏனுங்க, அப்படி ஆராச்சும் பண்ணுவாங்களா?"ன்னா. "பெரிய எடம், பண்ணுவாங்க"ன்னன். நம்பிட்டான்னுதான் நெனச்சன்.

நடுவால ஐப்பசி அடைமழை வந்துச்சு. சந்தையே கூடல. பதினஞ்சாயிரத்துக்கு எங்க போறது? அப்பத்தானுங்க ஒண்ணு கண்டுபுடிச்சன். அந்தக் கார்ட மிசின்ல சொருகுனாக் காசும் வருதுங்க! பதினஞ்சாயிரத்த எடுத்தன், அப்படியே ரோட்டத் தாண்டுனன், எதுத்த பேங்க்ல ஊட்டுக் கணக்குல கட்டுனன். ரெண்டும் எதிரும் புதிருமா இருந்தது எத்தன சௌகரியம் பாருங்க. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூணு மாசமும் அப்படித்தான் சேத்துனன். கொடைகூட இல்லாம நனைஞ்சுக்கிட்டே போய்க் கட்டுனனுங்க. இந்தக் காலத்துல இப்படி வைராக்கியமா ஆரு சேத்தறாங்க?

என்னுங்க இருமறீங்க? தண்ணி வேணுங்களா? இந்தாங்க, குடிங்க. பஸ்ஸு குலுங்குது, மேல கொட்டிக்காதீங்க.

எங்க உட்டன்? ஆங். ஊட்டுப் பணம் மூணு லச்சத்தத் தாண்டிருச்சு. பாதிக் கெணறு தாண்டியாச்சு. அந்த நேரம் பாத்து, நான் குளிச்சிட்டிருக்கறப்ப கார்டு பேங்க்ல இருந்து போன் வந்திருக்குது. கோகிலா எடுத்திருக்கறா. எடுத்தவ வெச்சாளா? நான் குளிச்சு, தலை தொவட்டி, நின்னுக்கிட்டு ரெண்டு தோசையும் தின்னு முடிச்சுட்டன், அவ பேசிட்டே இருக்கறா. "அப்படிங்களா, அப்பறமுங்க, அதுக்கு எத்தனைங்க"ன்னு அந்தப் பொண்ணுகிட்ட அடி ஆழம் வரைக்கும் கேக்கறா. துணியப் பாக்கற மாதிரியே பேங்க்கையும் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்திருக்கறா.

போன வெச்சுப்போட்டு அவ தோசைக்கல்லக் கழுவப் போயிட்டா. நான் சித்த நேரம் கண்ணசந்துட்டு அவினாசி சந்தைக்குப் போயிட்டன். அன்னிக்கு யாவாரம் என்ன யாவாரங்கறீங்க! ஆளாளுக்கு என்ற மொகத்தப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே வாங்கறாங்க. எனக்கும் ஒரே குஷி. டீக்கடைல மூஞ்சி கழுவறப்பத்தான் தெரிஞ்சுது, நெத்தில ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர்!

வெளையாட்டுக்கு ஒட்டிருக்கறான்னு நெனச்சனுங்க. மறுநாள் பொழுதோட ஊட்டுக்கு வந்தா, அவ டேபிள்மேல சாய்ஞ்சு நிக்கறா. "ஏனுங்க, கார்டுக்குக் கட்டிப்போட்டனுங்க"ன்னா.

"மினிமத்தையா?"ன்னன்.

"இல்லீங்க. பூராத்தையும்."

எனக்குக் கண்ணு இருட்டிப்போச்சு. புடிக்க ஒண்ணுமில்லாமச் சரவெளக்கப் புடிச்சன். ஏனுங்க, சொன்ன வெலைக்கே குடுத்துப்போட்டு வந்திருக்கறா! மூணு லச்சத்துச் சொச்சம்! ரெண்டெட்டு நடந்து பாக்கல. பக்கத்துக் கடைல கொறைச்சுத் தர்றாங்கன்னு ஒரு பேச்சுக்குச் சொல்லல. அவங்களே எறங்கி வந்து நிக்கறப்ப, ஒரு யாவாரி பொண்டாட்டி மேல்வெலையக் குடுக்கலாமுங்களா? சந்தைல தெரிஞ்சா என்னைய எவனாச்சும் மதிப்பானா?

கார்டையும் நூல் வெட்டற கத்திரில வெட்டிப்போட்டா. பொடிப் பொடியா. வட்டிங்கறா, நூறு ரூவாய்க்கு வருசத்துக்கு நாப்பது ரூவாங்கறா, நம்ம பணம் எதுத்த பேங்க்ல அஞ்சு ரூவாய்க்குத் தூங்குதுங்கறா. என்ற காதுல ஒண்ணும் ஏறல. சாமி குத்தமாயிருமேன்னு கத்துனன். "அந்த மஞ்சத்துணி ஒத்த ரூவாயத் தொடலீங்க, அப்படியேதான் இருக்குது"ன்னா. நிசந்தான். இப்ப ஊட்டுக் கணக்குல ஆறாயிரமும் அந்த ஒத்த ரூவாயுந்தான் இருக்குது.

அந்த வேகத்துல ஒரு வார்த்தை சொல்லிப்போட்டனுங்க. ஒரே ஒரு வார்த்தைதான். "நீ ஒரு செலவாளி"ன்னன்.

எங்கூட்டுப் பொம்பளைக எத்தன கோவம் வந்தாலும் மரியாதைய உடமாட்டாங்க. "மூளை இருக்குதுங்களா உங்களுக்கு?"ன்னுதான் திட்டவே செய்வா. அன்னிக்கு அவ தலைய நிமுத்துனா. "செலவாளியா நானு?"ன்னா. 'ங்க' இல்லீங்க. கண்ணாலம் ஆன நாள்ல இருந்து மொத தடவ. அவ மாத்துச்சீலை ரெண்டக் கூடைல வெச்சுக்கிட்டு, டேபிளச் சுத்திக்கிட்டு, வெளிய போயிட்டா.

போனா போகட்டும்னுதான் இருந்தன். ஆனா பாருங்க, மேல படுத்துக்கிட்டு என்னையறியாம ரெண்டு தட்டு தட்டிப்போடறன். அடில இருந்து ஒரு சத்தமும் வரதில்ல. ஒரு நா எனக்கே என்னமோ ஆகி, எறங்கிப் போயி அவ படுக்கற எடத்துல படுத்துப் பாத்தன். அங்க காத்தே வரதில்லீங்க. ஒரு பொட்டுக் காத்து இல்ல. வேர்த்துக் கொட்டுது. இத்தன நாளா அதுக்குள்ளயா படுத்திருந்தா? ஒரு நா வாயத் தொறந்து சொல்லிருக்கறாளா? எத்தன அழுத்தக்காரி பாருங்க! செங்கோடன் மச்சாங்கிட்ட இதையும் சேத்துத்தான் கேக்கப்போறன்.

நேத்து இன்னொரு பேங்க்ல இருந்து கூப்புட்டாங்க. "சார், உங்களுக்குன்னே ஒரு கார்டு வெச்சிருக்கறம் சார்"னாங்க. நானும் பழக்கத்துல, "ஊட்ல கேட்டுச் சொல்றனுங்க"ன்னுட்டன். போன வெச்சப்பறந்தான் நெனப்பு வந்துச்சு. ஊட்ல ஆரிருக்கறா? ஆரக் கேக்கறது? அந்த டேபிள்மேலயே கொஞ்ச நேரம் உக்கோந்திருந்தனுங்க. அழுகலீங்க. கண்ணுல தூசி.

இப்பச் சொல்லுங்க. தப்பு ஆரு மேல? நீங்க ஆரு பக்கமும் பேச வேண்டாம், நடுவால நின்னு சொல்லுங்க. என்னது? சட்டைச் சோப்புல இருந்து எடுத்து டவுசர் சோப்புல போட்டா அது சேமிப்பான்னா கேக்கறீங்க? செரியாப் போச்சு. நீங்களும் அவ கட்சிதானா? தண்ணியெல்லாம் குடுத்தனே உங்களுக்கு!

இருங்க, போன் அடிக்குது. அட, அவதானுங்க! சத்தம் போடாதீங்க. சித்த கெத்தாப் பேசறன், பாருங்க.

ம்... சொல்லு. ம். எங்க? எங்க நிக்கற? எப்ப வந்த? சாவியா? சாவி எங்கிட்டத்தான் இருக்குது. நானா? நான் எங்க போறன், இங்கதான் சந்தைல... யாவாரமா இருக்கறன்... கண்டக்டரண்ணா, கொஞ்சம் மெதுவாக் கத்துங்க! ... இல்ல, அது இங்க ஒருத்தரு... இரு, வெச்சறாத. கோகிலா! இதா வந்துட்டன். அங்கயே நில்லு.

ஏனுங்க, ஊட்டுக்கு வந்துட்டாளாமுங்க! பத்து மணிக்கெல்லாம் காங்கயத்துல பஸ் ஏறிட்டாளாம். அவ அந்தப் பக்கம் போயிருக்கறா, நான் இந்தப் பக்கம் வந்திருக்கறன். ஒண்ணும் கேக்கலீங்க. பணத்தப் பத்தியும் இல்ல, நான் சொன்ன வார்த்தையப் பத்தியும் இல்ல. "சாவிய எங்கீங்க வெச்சுப்போட்டுப் போனீங்க?" அவ்வளவுதான் கேட்டா. நான் சந்தைலன்னு சொல்லிட்டிருக்கறப்ப இந்தக் கண்டக்டரு "படியூரு, படியூரு"ன்னு கத்திப்போட்டாரா, அவளுக்கு அங்க கேட்டுருச்சு. "படியூர்ல இன்னிக்கு எந்தச் சந்தைங்க?"ன்னு கேட்டுப்போட்டுச் சிரிக்கறா. சிரிச்சாளுங்க! உங்களுக்குக் கேட்டுதுங்களா?

கண்டக்டரண்ணா, விசில் அடிங்க, எறங்கோணும்! ஆமாங்க, டிக்கெட்டு காங்கயத்துக்குத்தான். அதனால என்னங்க, எறங்க உடமாட்டீங்களா? மச்சான நான் தீவாளிக்குப் பாத்துக்கறன்.

கொஞ்சம் கால நகத்துங்க, வழி உடுங்க. நீங்க நல்லாருக்கோணும். பதினோரு மணி வெயில்ல நிக்கறாளுங்க அவ. எங்க ஊட்டு வாசல்ல நெழலே கெடையாது.